ஹிரோஷிகேயின் மழையைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

தூறல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானிய நிலக்காட்சி ஓவியரான ஹிரோஷிகேயைச் சிறு பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது என்று கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. பழைய புத்தகக் கடையில் அவருடைய பன்னிரண்டு படங்கள் கொண்ட நாட்காட்டி ஒன்று கிடைத்தது. ஆண்டு முடிந்துபோன நாட்காட்டிதான்; ஆனாலும் படங்களுக்காகவே வாங்கிவந்து கூடத்தில் மாட்டினேன். மறுநாள் காலையில் மகன் அதன் முன்னால் நின்றுகொண்டு, "இந்த மழை ஏன் கோடு கோடாக இருக்கிறது? யார் இதைக் கீறிவிட்டார்கள்?" என்று கேட்டான்.

நானும் மகிழ்ச்சியோடு உட்கார்ந்து, அவர் 1797இல் எடோ நகரில் பிறந்தார், 1858இல் மறைந்தார், உகியோ-எ என்னும் மரக்கட்டை அச்சு மரபின் கடைசிப் பெரும் ஓவியர்களில் ஒருவர் என்று சொல்லிக்கொண்டே போனேன். மூன்றாவது வாக்கியம் முடிவதற்குள் இருவரும் எழுந்து போய்விட்டார்கள். அவன் கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது அன்று இரவுதான் உறைத்தது.

எல்லோருக்கும் தெரிந்த, ஹோகுசாய் என்ற ஜப்பானிய ஓவியரின் பேரலைப் படத்திலிருந்து தொடங்கி இவரிடம் வருவது நல்லதா, நேரே இவரிடமே போகலாமா? வாழ்க்கைக் கதை முதலில் வேண்டுமா, படம் முதலில் வேண்டுமா? வண்ணம் தீட்டும் தாள்களைத் தவிர வீட்டில் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வண்ணக்குழம்பு எழுதியது:

பதினைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். பிறப்பும் இறப்பும் காத்திருக்கட்டும். வான் கோ இவருடைய படங்களைப் பார்த்து வரைந்தார் என்ற செய்தியும் காத்திருக்கட்டும். அதை முதலில் சொல்லிவிட்டால், ஐரோப்பியர் ஒருவர் மெச்சியதால்தான் இவர் பெரியவர் என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடுகிறது. பிறகு அதை எடுப்பது கடினம்.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அதோடு இருங்கள் என்பதே என் பரிந்துரை. மழையைப் பற்றிக் கேட்ட பையனுக்கு ஷோனோ படம் பொருத்தமாக இருக்கும். எடோவிலிருந்து கியோட்டோ வரை சென்ற டோக்கைடோ நெடுஞ்சாலையின் ஐம்பத்து மூன்று தங்கல் ஊர்களில் ஷோனோ நாற்பத்தைந்தாவது. சாலையின் இரு முனைகளையும் சேர்த்து 55 படங்கள் கொண்ட அந்தத் தொகுதி 1833-34ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. இந்த விவரமெல்லாம் உங்களுக்குத்தான். பிள்ளைகளுக்கு இப்போது தேவையில்லை.

முதல் நாள் படத்தின் மேல்பாதியை வெள்ளைத் தாளால் மறைத்துவிட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் காட்டுங்கள். சரிவான மண்பாதையில் சிலர் மேலே ஏறுகிறார்கள், சிலர் கீழே ஓடுகிறார்கள். இரண்டு பேர் மூங்கில் பல்லக்கு ஒன்றைச் சுமந்துகொண்டு ஏறுகிறார்கள். உள்ளே இருப்பவர் நனையாதபடி அதன்மேல் ஒரு போர்வை போடப்பட்டிருக்கிறது. எதிர்த்திசையில் ஒருவர் குடையைப் பாதி விரித்துக் காற்றுக்கு எதிராக முன்னால் சாய்த்துப் பிடித்தபடி இறங்குகிறார். வைக்கோலில் பின்னிய மழையங்கியும் படத்தில் உண்டு. மழைக்காலத்தில் வயலுக்குப் போகிறவர்கள் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணியை நினைத்துக்கொண்டால் போதும். "இவர்கள் ஏன் குனிந்திருக்கிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்த பிறகு தாளை எடுங்கள். பின்னால் மரக்கூட்டம் மூன்று வகைச் சாம்பல் நிறத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பக்கம் வளைந்து நிற்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். காற்று என்று யாரும் சொல்லத் தேவையிருக்காது.

அடுத்த நாள் அந்தப் பாதையில் நடப்பவர்களில் தனக்குப் பிடித்த ஒருவரைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். அவர் எங்கிருந்து வருகிறார், எங்கே தங்குவார், யார் அவருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவனே சொல்லட்டும். ஹிரோஷிகேயின் நிலக்காட்சியில் பெரும்பாலும் மனிதர்கள் இருக்கிறார்கள். சிறியவர்களாக, முகம் தெரியாதவர்களாக, ஏதோ வேலையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். குழந்தை உள்ளே நுழையும் வாசல் அவர்கள்தான்.

மரக்கட்டை எழுதியது:

மேலே எழுதியவரின் வழியை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். நான் கட்டையச்சுத் தொழிலில் இருப்பவன். "ஹிரோஷிகே வரைந்த படம்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், "யார் இதைக் கீறிவிட்டார்கள்?" என்று கேட்ட அந்தப் பையனுக்குத் தவறான பதிலைச் சொன்னதாக ஆகிவிடும். உண்மையிலேயே ஒருவர் அதைக் கீறித்தான் இருக்கிறார்; அவர் ஹிரோஷிகே அல்லர்.

ஓவியர் மெல்லிய தாளில் கருமை மையால் கோட்டோவியம் மட்டும் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளை முகம் கீழாகப் பலகையில் ஒட்டி, தாளின் ஊடாகத் தெரியும் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற மரத்தையெல்லாம் வெட்டி எடுப்பார். அந்த வேலையிலேயே மூல ஓவியம் அழிந்துபோகும். பலகை காட்டுச் செர்ரி மரத்தால் ஆனது. இறுகிய மரம் என்பதால் மயிரிழை போன்ற கோடும் உடையாமல் நிற்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பகுதி செதுக்கப்படும். அச்சிடுபவர் நீரில் கரைந்த வண்ணத்தோடு அரிசிக் கஞ்சிப் பசையைச் சேர்த்துத் தூரிகையால் பலகையில் தடவி, ஈரமான தாளை மேலே வைத்து, மூங்கில் மடலால் பொதிந்த பரேன் என்னும் வட்டை ஒன்றால் பின்பக்கத்தைத் தேய்ப்பார். ஒரு நிறம் முடிந்ததும் அடுத்த பலகை. தாள் நகராமல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அமர, பலகையின் ஓரத்தில் கென்தோ எனப்படும் இரண்டு சிறிய அடையாளங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஒன்று மூலை வடிவம், மற்றொன்று நேர்கோடு. இத்தனைக்கும் பணம் போட்டு, எதை வரைவது, எத்தனை நிறம், எத்தனை படி என்று முடிவு செய்தவர் பதிப்பாளர். ஷோனோ படத்தின் தொடக்ககால அச்சுகளில் அந்தப் பாதி விரித்த குடையைக் கூர்ந்து பாருங்கள். தொகுதியின் பெயரும் பதிப்பாளரின் பெயரும் குடைமேல் எழுதப்பட்டிருக்கும். அது விளம்பரம். அத்தகைய அச்சுப் படம் ஒன்றின் விலை அந்நாளில் ஏறக்குறைய ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலைதான் என்று சொல்வார்கள்.

வீட்டில் செய்ய எளிய வழி உண்டு. தெர்மாக்கோல் தட்டின் அடிப்பாகத்தைச் சதுரமாக வெட்டி, எழுதித் தீர்ந்த பேனாவின் முனையால் அழுத்திக் கோடு போடச் சொல்லுங்கள். நீர்வண்ணத்தில் கொஞ்சம் சோற்றுக் கஞ்சியைக் கலந்து தடவி, ஈரத்தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்க்கலாம். அழுத்திய கோடு வெள்ளையாக வரும் என்பதைப் பிள்ளைகள் முதல் அச்சிலேயே கண்டு திடுக்கிடுவார்கள்; மரக்கட்டையில் கோட்டை மேடாக விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதை வெட்டுவது ஏன் என்பது அப்போது தானாக விளங்கிவிடும். இரண்டாம் நிறத்துக்கு இன்னொரு தட்டு. மேசையில் அட்டையால் ஒரு மூலையை ஒட்டிவைத்தால் அதுவே கென்தோ.

வானத்தின் நிறம் மேலே அடர்ந்தும் கீழே வரவர வெளுத்தும் இருக்கிறதே, அதற்குப் பொகாஷி என்று பெயர். ஈரமாக்கிய பலகையில் வண்ணத்தை ஒரு பக்கம் மட்டும் வைத்துத் தூரிகையால் இழுத்து மங்கச் செய்வார்கள். ஒவ்வொரு படிக்கும் கையால் புதிதாகச் செய்ய வேண்டும் என்பதால் எந்த இரண்டு படிகளும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஆழ்ந்த அந்த நீலம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் செய்யப்பட்ட செயற்கை நிறமி. நாகசாகித் துறைமுகத்தின் வழியாக ஜப்பானுக்கு வந்து, 1830ஐ ஒட்டி விலை மலிந்தது. ஹோகுசாயின் அலைக்கும் ஹிரோஷிகேயின் ஆறுகளுக்கும் அந்த நீலம் வாய்த்தது அப்படித்தான்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நான் நூலகர். பிள்ளைகளுக்கான கதை நேரத்தில் இந்தப் படங்களைப் பலமுறை காட்டியிருக்கிறேன். ஒரு சிக்கலை இங்கே வைக்க விரும்புகிறேன்.

பிள்ளைகள் தவறாமல் கேட்பது, "அவர் அங்கே போய்ப் பார்த்துத்தான் வரைந்தாரா?" என்பது. 1832ஆம் ஆண்டு, எடோவிலிருந்து நாட்டை ஆண்ட ஷோகுன் என்னும் படைத்தலைவர் கியோட்டோவிலிருந்த பேரரசருக்குக் குதிரைகளை அனுப்பிய ஊர்வலத்தோடு அவர் கியோட்டோ வரை நடந்து போனார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. ஆனால் ஆய்வாளர்கள் பலர் இதை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். சில படங்கள் 1797இல் வெளிவந்த டோக்கைடோ வழிகாட்டி நூலின் சித்திரங்களைத் தழுவியவை என்பது ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும். அதே டோக்கைடோ தொகுதியின் கன்பாரா படத்தில் இரவில் கனத்த பனி பெய்திருக்கிறது. மூன்று பேர் தலை கவிழ்ந்து, சத்தமில்லாத தெருவில் போகிறார்கள். அந்த ஊரோ பனி அரிதாகவே விழும் இதமான கடற்கரை ஊர். இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

சொல்ல வேண்டும் என்பதே என் முடிவு.

வண்ணக்குழம்பு எழுதியது:

இந்த இடத்தில் நான் சற்று மாறுபடுகிறேன். ஆறு வயதுப் பிள்ளை பனியைப் பார்த்து வாய்மூடி நிற்கும் அந்த நேரத்தில், "அங்கே பனியே பெய்யாது" என்று சொல்வது படத்தைப் பறித்துக்கொள்வதாகும். அவன் நிற்கட்டும். அவனாகக் கேட்கும்போது சொல்லலாம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

முதல் பார்வையில் சொல்லக் கூடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். என்னுடைய பதிவில் அதைத் தெளிவாக எழுதாமல் போனது என் குறை. ஆனால் சொன்ன பிறகு நடப்பதைக் கேளுங்கள். கன்பாராவுக்கு இரண்டு வகை அச்சுகள் உண்டு. ஒன்றில் இருட்டு வானத்தின் உச்சியில் அடர்ந்து கீழே வரவர வெளுக்கிறது; மற்றொன்றில் இருட்டு கூரைகளின் ஓரமாகத் தாழ்ந்து கிடந்து மேலே போகப்போக வெளுக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எது அதிகக் குளிர்?" என்று கேட்டேன். பத்துப் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வெகுநேரம் வாதாடினார்கள். பெய்யாத பனியை ஒருவர் மனத்தால் பெய்வித்தார், அச்சிட்டவர்களும் அதை இரண்டு விதமாகப் பெய்வித்தார்கள் என்று அறிந்தபின் அவர்களுக்கு வியப்பு கூடியதே தவிர, யாரும் ஏமாற்றப்பட்டதாக நினைக்கவில்லை.

ஹோகுசாயைப் பற்றிய கேள்விக்கும் ஒரு வார்த்தை. அவர் 1760இல் பிறந்தவர். ஹிரோஷிகேயைவிட முப்பத்தேழு ஆண்டுகள் மூத்தவர். யார் பெரியவர் என்ற போட்டிக்குள் பிள்ளைகளை இழுக்காமல் இருவரின் காற்றையும் காட்டலாம். ஹோகுசாயின் எஜிரி படத்தில் தாள்கள் கையிலிருந்து பிடுங்கப்பட்டு வானமெங்கும் சிதறுகின்றன. ஹிரோஷிகேயின் யொக்கய்ச்சி படத்தில் ஒருவர் தம் தொப்பி உருண்டோட, அதன் பின்னால் ஓடுகிறார். தொப்பிக்காரரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்; தாள்களைப் பார்த்து மூச்சை இழுக்கிறார்கள். இருவருக்கும் உள்ள வேறுபாட்டை அதற்கு மேல் நான் விளக்கியதில்லை.

நிஷிகசாய்வாசி எழுதியது:

தோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. என் மகளுக்கு எட்டு வயது. எங்களுக்கு வாய்த்த வழி வேறு என்பதால் எழுதுகிறேன்.

ஹிரோஷிகே தம் கடைசி ஆண்டுகளில், 1856 முதல் 1858 வரை, எடோ நகரத்தின் புகழ்பெற்ற நூறு காட்சிகளை வரைந்தார். பெயர்தான் நூறு, படங்கள் நூறுக்கும் மேல். அந்த எடோதான் இன்றைய தோக்கியோ. எனவே நாங்கள் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போய் நிற்கிறோம். ஹானெடா படத்தில் படகோட்டியின் மயிர் அடர்ந்த காலும் கையும் மட்டும் சட்டகத்தை அடைத்துக்கொண்டு நிற்க, அவற்றின் இடுக்கு வழியாகத்தான் கடலும் கோயிலும் தெரியும். அந்தப் பக்கம்தான் இப்போது நாங்கள் ஊருக்கு விமானம் ஏறும் ஹானெடா விமான நிலையம் இருக்கிறது. ஷின்ஜுகு படத்தில் குதிரையின் பின்பக்கமும், வைக்கோல் செருப்பு அணிந்த அதன் கால்களும், தரையில் சாணமும் பெரிதாக வரையப்பட்டிருக்கின்றன. அன்று முழுவதும் என் மகள் ஷின்ஜுகு ரயில் நிலையத்தின் கூட்டத்துக்கிடையே அந்தக் குதிரை எங்கே நின்றிருக்கும் என்று தேடினாள்.

திடீர் மழை பெய்யும் ஷின் ஓஹாஷி பாலத்துக்கும் போனோம். 1857ஆம் ஆண்டுப் படத்தில் மரப்பாலத்தின் மேல் குடைகளும், பாயால் தலையை மூடிக்கொண்டு ஓடுபவரும், ஆற்றில் தன்னந்தனியே தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போகும் ஒருவரும் இருக்கிறார்கள். இன்று அங்கே இரும்புவடங்கள் தாங்கும் பாலம். கீழே சுமிதா ஆறு மட்டும் அதே ஆறு. மழைக்கோடுகளைக் கவனியுங்கள், தூறல் அவர்களே. ஒரே சாய்வில் இல்லை. சற்று வேறுபட்ட இரண்டு சாய்வுகளில், இரண்டு கட்டைகளால் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடப்பட்டவை. உங்கள் மகனிடம் இதை மட்டுமாவது காட்டுங்கள்.

சென்ற குளிர்காலத்தில் ஷிசுவோக்கா மாவட்டத்தின் யுய் என்ற ஊருக்குப் போனோம். கன்பாராவுக்கு அடுத்த தங்கல் ஊர் அது. 1994இல் திறக்கப்பட்ட ஹிரோஷிகே அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது; பிள்ளைகள் தாங்களே அச்செடுத்துப் பார்க்கவும் இடமுண்டு. அங்கிருந்து சத்தா கணவாய்க்கு ஏறினோம். படத்தில் செங்குத்தான பாறையின் உச்சியிலிருந்து இரண்டு மூன்று பயணிகள் எட்டிப் பார்க்கிறார்கள். கடலுக்கு அப்பால் வெள்ளையாக ஃபூஜி மலை. நாங்கள் நின்ற இடத்திலும் அதே வளைவு, அதே கடல், அதே மலை. அடிவாரத்தில் மட்டும் விரைவுச் சாலையும் ரயில் பாதையும் ஒன்றையொன்று ஒட்டி ஓடின. மகள் படத்தைக் கையில் பிடித்துத் தூக்கி, மலையோடு மலையைப் பொருத்திப் பார்த்தாள். பேசவில்லை. லாரிகளின் இரைச்சல் மேலே வந்துகொண்டிருந்தது. பிறகு, "அவர்கள் பயந்து பயந்து எட்டிப் பார்க்கிறார்கள், நமக்குக் கம்பி வேலி இருக்கிறது" என்றாள்.

வாழ்க்கைக் கதையில் எங்கள் வீட்டில் எடுபட்டது ஒன்றே ஒன்று. அவர் தீயணைப்பு அதிகாரியின் மகன். பன்னிரண்டு வயதில் ஒரே ஆண்டில் தாயையும் தந்தையையும் இழந்து, அந்தச் சிறுவயதிலேயே எடோ கோட்டையின் தீயணைப்புப் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. பள்ளியில் மாதந்தோறும் நிலநடுக்கப் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு அது வெகு அருகில் இருக்கிறது. எடோவை 1855இல் பெரும் நிலநடுக்கம் குலைத்துப்போட்ட சில மாதங்களில் நூறு காட்சிகளை அவர் தொடங்கினார் என்று சொன்னபோது, "அப்படியானால் இடிந்த வீடுகள் எங்கே?" என்று கேட்டாள். படங்களில் அவை இல்லை. ஏன் இல்லை என்று இன்னும் எங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சாளரப்பூனை எழுதியது:

ஒரு தாயாக ஓர் எச்சரிக்கை. "உகியோ-எ" என்று தட்டித் தேடும் பணியைப் பிள்ளைகளிடம் விட்டுவிடாதீர்கள். அதே மரபில் பெரியவர்களுக்கான பாலுறவுப் படங்களும் ஏராளம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், சிகாகோ கலை நிறுவனம், நூறு காட்சிகளை முழுமையாக வைத்திருக்கும் புரூக்ளின் அருங்காட்சியகம் ஆகியவற்றின் தளங்களிலிருந்து பெரிய அளவுப் படங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும் வெள்ளைப் பூனைப் படத்திலும் இந்தச் சங்கடம் உண்டு. பூனை சாளரத்தில் உட்கார்ந்து வயல்களையும், தொலைவில் திருவிழாவுக்குப் போகும் கூட்டத்தையும், ஃபூஜியையும் பார்க்கிறது. அது யோஷிவாரா என்னும் கணிகையர் குடியிருப்பின் அறை. என் மகள் யாருடைய அறை என்று கேட்டபோது, "வெளியே போக அனுமதியில்லாத பெண் ஒருத்தியின் அறை" என்று சொன்னேன். அது பொய்யில்லை. அவள் பூனையை முன்னைவிட நெடுநேரம் பார்த்தாள்.

வண்ணக்குழம்பு எழுதியது:

எவ்வளவு சரியான பதில். என் வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டாமலேயே தவிர்த்து வந்தேன், இனிக் காட்டுவேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இன்னொரு விளையாட்டு நினைவுக்கு வந்தது. சுகொரோகு என்பது பகடை உருட்டிக் கட்டம் கட்டமாக நகரும் ஜப்பானியத் தாள் விளையாட்டு. புத்தாண்டு நாட்களில் பிள்ளைகள் ஆடுவது. டோக்கைடோவின் தங்கல் ஊர்களையே கட்டங்களாக வைத்த சுகொரோகுத் தாள்கள் அந்தக் காலத்திலேயே அச்சாகின. நம் பரமபதத்தை அறிந்த பிள்ளைக்கு ஆட்டம் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பெரிய அட்டையில் 55 கட்டம் போட்டு, நிஹொன்பாஷி பாலத்தில் தொடங்கிக் கியோட்டோவில் முடியுங்கள். ஷோனோவில் மழை, ஒரு முறை நிற்க வேண்டும். யொக்கய்ச்சியில் தொப்பி பறந்தது, இரண்டு கட்டம் பின்னால். மரிகோவில் புகழ்பெற்ற கிழங்குக் கூழ் குடித்தாயிற்று, மூன்று கட்டம் முன்னால். காய்களை நகர்த்திக்கொண்டே அத்தனை ஊர்ப் பெயர்களும் மனப்பாடமாகிவிடும்.

நிழல் விளையாட்டும் உண்டு. காகிதத் திரையில் விழும் ஒரு நிழலையும், அந்த நிழலை உண்டாக்கத் திரைக்குப் பின்னால் ஒருவர் எப்படியெல்லாம் உடம்பை வளைத்து நிற்க வேண்டும் என்பதையும் காட்டும் படங்களை ஹிரோஷிகே வரைந்திருக்கிறார். மின்தடை இரவுக்கு அதைவிட நல்ல ஓவிய வகுப்பு இல்லை.

தூறல் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பதிலளித்த ஒவ்வொருவருக்கும் நன்றி.

ஷோனோவை மேல்பாதி மறைத்துக் காட்டினேன். மகன் பல்லக்கைத் தேர்ந்தெடுத்தான். உள்ளே இருப்பது காய்ச்சல் வந்த பாட்டி என்று முடிவு செய்துவிட்டான், அதனால் பல்லக்குத் தூக்கிகளை விரைந்து போகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். தெர்மாக்கோல் தட்டில் மழை மட்டும் செதுக்கினான். பேனா முனையால் முதல் தட்டில் ஒரு சாய்வு, இரண்டாம் தட்டில் வேறு சாய்வு. சாம்பலும் நீலமுமாக ஒன்றன்மேல் ஒன்று அச்சிட்டபோது, மூலை அட்டை நழுவி இரண்டாம் மழை தாளின் ஓரத்தைத் தாண்டி மேசையில் பெய்தது. கஞ்சி அதிகமாகி வண்ணம் திட்டுத்திட்டாய் நின்றது. அந்தத் தாளைத்தான் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்றான், ஒட்டியிருக்கிறேன்.

மகள் வேறு பக்கம் போய்விட்டாள். நாட்காட்டியில் ஹாரா என்ற ஊரின் படம் இருக்கிறது. அதில் ஃபூஜி மலையின் உச்சி சட்டகத்தின் மேல்கோட்டைக் கடந்து வெளி வெள்ளையில் ஏறி நிற்கிறது. இத்தனை நாள் நான் கவனிக்காததை அவள் கண்டுபிடித்தாள். மரக்கட்டை அவர்கள் எழுதியதை அவளுக்குப் படித்துக்காட்டியிருந்ததால் வந்த கேள்வி இது: "மலையை வெளியே விட்டது யார்? வரைந்தவரா, செதுக்கியவரா, அச்சிட்டவரா?"

மரக்கட்டை எழுதியது:

வரைந்தவர்தான் என்று அவளிடம் சொல்லுங்கள். சட்டகக் கோடும் மலையின் கோடும் ஒரே கட்டையில் இருப்பவை. ஓவியர் தாளில் அப்படிக் கோடிட்டுக் கொடுத்திருந்தால் ஒழிய, செதுக்குபவர் சட்டகத்தை அந்த இடத்தில் உடைக்கத் துணியமாட்டார். ஆனால் உச்சிக்கு இருபுறமும் அந்தக் கோடு எவ்வளவு கூர்மையாக நின்றுபோகிறது என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது செதுக்கியவரின் கை.